சனி எங்கே, இடது கால் எங்கே?

மேட்சுக்குக் கிளம்பும்போது எங்கள் பெண்களின் பைகளைத் திறந்தால் பாதிக் கோயில் உள்ளே இருக்கும். கோட்டை மாரியம்மன் குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம், வேளாங்கண்ணி மாதா படம், தர்காவில் ஓதித் தந்த கறுப்புக் கயிறு. நாமக்கல் பக்கத்துப் பெண்ணாக இருந்தால் ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம். இத்தனையும் சுமந்துகொண்டு நாங்கள் ஆடப் போவது பெரியார் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. இதில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் எதையும் வெளியே எடுத்து வை என்று யாரிடமும் சொன்னதில்லை. "எதிர் டீம் பையிலயும் இதேதான இருக்கும், அம்மன் யார் பக்கம் நிக்கும் கண்ணு?" என்று மட்டும் ஒருமுறை கேட்டேன். "நாமதான் மேம் செவ்வாக்கெழமையே வேண்டிக்கிட்டோம்" என்று பதில் வந்தது.

வரிசையில் முந்தியது உதவவில்லை. எதிரணி அறுபதைத் தாண்டியது. எங்களுக்குப் பதினான்கு.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் வரும் ஊர். காலையில் ஐந்தரைக்குப் பயிற்சி என்பதால் மலை இன்னும் கறுப்பாக இருக்கும்போதே வண்டியை எடுத்துவிடுவேன். அணி என்று பெயர்தானே தவிர, அந்த வருடம் கல்லூரிக்கு வரும் முன் கூடைப்பந்தைக் கையால் தொட்டவர்கள் ஓரிருவர்தான். ஒருத்தி கபடி. இன்னொருத்தி பள்ளியில் த்ரோபால். உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக வாலிபால் கோர்ட்டிலிருந்து நான் இழுத்து வந்த பெண் ஒருத்தி. ஒருத்தியின் அம்மா வீட்டிலேயே கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்பவர், இன்னொருத்தியின் அப்பா அம்மாப்பேட்டையில் தறி நெய்பவர். எதிரே வந்தவர்களோ ஆறாம் வகுப்பிலிருந்து கிளப்பில் ஆடியவர்கள்.

அவர்கள் எங்களை ஜெயித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் பேசவரும் விஷயம் அந்தரத்தில் நிற்கும். கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்த எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். பழகாத அணியைக் கண்டால் அனுபவமுள்ள அணி தன் கூடைக்குப் பின்வாங்கிக் காத்திருக்காது. கோர்ட் முழுவதும் பரவி, பந்து வைத்திருப்பவளை இரண்டு பேராக மூலையில் மடக்கும். இதை ப்ரெஸ் என்போம். மடக்கப்பட்டவளுக்குக் கோடுகளும் கைகளும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பதறிப்போய் பந்தைத் தரையில் தட்டுவாள், அது பறிபோகும். அன்று எங்கள் பந்து பாதி நேரம் நடுக்கோட்டையே பார்க்கவில்லை. நாங்கள் கூடை போடத் தெரியாமல் தோற்றோம் என்றுகூடச் சொல்ல முடியாது. கூடைக்குப் பக்கத்திலேயே போகவில்லை.

பந்தை அதிகம் பறிகொடுத்தவள் அந்தக் கபடிப் பெண். திரும்பும் பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். "எனக்கு ஏழரைச் சனி நடக்குது மேம், ஆத்தா அப்பவே சொல்லுச்சு, இந்த வருசம் எதுலயும் முன்னால போய் நிக்காதன்னு." பாட்டி சனிக்கிழமைதோறும் எள் விளக்கு போட்டுக்கொண்டிருந்தாராம். பேத்தி மேட்சுக்குப் போனதால் ஒரு வாரம் கோயிலுக்கு வரவில்லையாம். அதனால்தான் இப்படி.

பாட்டியை நான் கேலி செய்யமாட்டேன். ஏனென்றால் எங்கள் பயிற்சி மைதானத்துச் சுவரில் பெரிய எழுத்தில், நீல பெயிண்டில், உழைத்தால் வெற்றி நிச்சயம் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. அறிவியல் மனப்பான்மை உள்ளவர்கள் எழுதி வைத்தது. கொஞ்சம் நின்று யோசித்தால் அந்தச் சுவரும் பாட்டியும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். உழைத்தால் வெற்றி நிச்சயம் என்றால், தோற்றவள் உழைக்கவில்லை. போன பிறவியில் செய்தது இந்தப் பிறவியில் சனியாக வருகிறது என்றால், தோற்றவள் ஏதோ செய்திருக்கிறாள். இரண்டிலும் தோல்வி ஒரு தண்டனை. இரண்டிலும் அது அவளுக்குத் தகும். ஒன்று வினை, மற்றொன்று வியர்வை. கணக்குப்பிள்ளை மட்டும்தான் வேறு.

ஒரு பெண்ணின் தோல்வியைப் பார்த்து "உனக்கு வேண்டியதுதான்" என்று சொல்லும் எந்தக் கொள்கையும் எனக்கு ஆகாது. ஆனால் ஆகாது என்று சொன்னால் மட்டும் போதுமா, அது பொய்யென்று காட்ட வேண்டாமா?

2017-இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் அணி கஜகஸ்தானை 75–73 என்று வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. இரண்டு புள்ளி வித்தியாசம், அதாவது ஒரே ஒரு கூடை. இரண்டு வருடம் கழித்து, 2019-இல், அதே பெங்களூருவில் முதல் பிரிவில் ஆடி எட்டு அணிகளில் எட்டாவதாக வந்தது. இடையில் நம் பெண்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களா? அணியில் சிலருக்குச் சனி இடம் மாறிவிட்டதா? எதிரே ஜப்பான் நின்றது, கொரியா நின்றது. அவர்களும் உழைத்துவிட்டு வந்தவர்கள். போட்டி என்றால் இரண்டு பக்கமும் உழைத்து ஒரு பக்கம் மட்டும் ஜெயிப்பது. கடைசி விசில் அடிக்கும்போது நாட்டில் எங்கோ ஒரு கோர்ட்டில் முழு மனதாக உழைத்த ஓர் அணி தோற்றுக்கொண்டே இருக்கும். ஆட்டத்தின் அமைப்பே அப்படி. சுவர் வாசகம் எழுதியவர் ஆடிப் பார்த்தவராக இருக்க முடியாது.

வினைக் கொள்கையின் பக்கமும் இதைப் போல ஒரு மறுப்பு இருக்கிறது, அது பகுத்தறிவு மேடையிலிருந்து வந்ததில்லை. சீவகன் என்ற துறவி புத்தரிடம் போய், மனிதன் படும் இன்ப துன்பம் எல்லாமே முன் செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கும் ஒரு சூத்திரம் பாலி நூல்களில் உண்டு. புத்தர் ஒப்புக்கொள்வதில்லை. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, சிலேட்டுமத்தால் உண்டு, வாயுவால் உண்டு, பருவ மாற்றத்தால் உண்டு என்று அடுக்கிக்கொண்டு போய், எட்டில் ஒன்றாகத்தான் வினையை வைக்கிறார். மறுபிறவியை ஏற்றுக்கொண்ட ஒருவர், வினையை நம்பிய ஒருவர், எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டாதே என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அவர் ஒரு நல்ல கோச் என்று தோன்றியது. காரணம் தேடுவது வேறு, குற்றம் சாட்டுவது வேறு. வினைக் கணக்கில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கபடிப் பெண்ணிடம் நான் பேருந்தில் எதுவும் பேசவில்லை. தோற்ற ராத்திரி ஆட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம், எனக்கும் சேர்த்துத்தான். வழியில் இறங்கி எல்லாரும் வயிறு நிறையப் பரோட்டா சாப்பிட்டோம். பேசியது அடுத்த பயிற்சியில்.

"சனி எங்க வேணா இருக்கட்டும். பந்தப் பிடிச்சப்ப உன் இடது கால் எங்க இருந்துச்சு?"

யோசித்தாள். பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்து நின்றிருக்கிறாள். பிடிக்கும்போதே கோர்ட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டதால் உதவிக்கு வந்த இரண்டு பேரையும் அவள் பார்க்கவே இல்லை. அந்தக் காலைத் திருப்பி வைத்து, நடுவில் ஒருத்தியை நிறுத்தி, தரையில் தட்டாமல் மூன்றே பாஸில் நடுக்கோட்டைத் தாண்டுவதை அந்த வாரம் முழுக்கச் செய்தோம். கூடையைப் பற்றி நான் பேசவே இல்லை. எள் விளக்கை நிறுத்து என்றும் சொல்லவில்லை. சனி பகவானுக்கும் இடது காலுக்கும் இடையில் ஒரு சமாதான ஒப்பந்தம்.

இனி, ஊழ். நம் ஊரில் விதி என்ற சொல்லைச் சோம்பேறியின் சாக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டை எல்லா மேடையிலும் முதல் வரியோடு நிறுத்துகிறார்கள். அது ஊழைப் பற்றிய பாட்டு. மலையிலிருந்து பாறைகளில் மோதி இறங்கும் பேராற்றில் போகும் ஒரு தெப்பத்தைக் காட்டி, உயிரும் அப்படித்தான் போகிறது என்கிறார். அவர் அதிலிருந்து எடுக்கும் முடிவைக் கவனியுங்கள். ஆகவே சும்மா இரு என்று அவர் சொல்லவில்லை. ஆகவே பெரியவர்களைக் கண்டு நாங்கள் வாய்பிளப்பதில்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். ஆறு இழுத்த இழுப்பில் ஒருவர் மேலே போயிருக்கிறார், ஒருவர் கீழே. கீழே கிடப்பவரை எப்படி இகழ முடியும்? ஊழை நம்பியதால் வந்த இரக்கம் இது. இந்தப் பாட்டை ஆசீவகத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. மற்கலி கோசாலர் வழி வந்த அந்தச் சமயம், உருட்டிவிட்ட நூல்கண்டு பிரிந்து முடிவது போல எல்லாம் நியதிப்படி நடந்து முடியும் என்றது. வட நாட்டில் மங்கிய பிறகும் தமிழகத்தில் சோழர் காலம் வரை இருந்திருக்கிறது, அவர்கள் மேல் போட்ட வரியைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவர்களை எதிர்த்து நீலகேசி வாதாடியதைத்தான் நாம் படிக்கிறோம். அவர்கள் பக்கத்து நூல் நமக்குக் கிடைக்கவில்லை. தோற்றவர்களின் நூல் கிடைக்காதது நமக்குப் புதிதா என்ன.

இதை ஒருநாள் எங்கள் தமிழ்த்துறை அம்மாவிடம் சொன்னேன். நன்றாகப் படித்தவர், யாரையும் சுலபத்தில் விடமாட்டார். "தோத்த ராத்திரிக்கு ஊழ், மறுநாள் காலையில அஞ்சரைக்கு முயற்சியா? நேத்து மேட்சும் ஒரு காலத்துல நாளைக்கு மேட்சுதானே மேடம்? அப்ப முயற்சி, முடிஞ்சதும் ஊழா? உங்களுக்கு வசதியா இருக்கறப்ப வசதியானத நம்பறீங்க" என்றார்.

சரியான கேள்வி. வள்ளுவரும் இதே சிக்கலில்தான் இருக்கிறார் என்று அவரே வழியும் காட்டினார். அறத்துப்பால் முடியும் இடத்தில், 38-ஆம் அதிகாரத்தில், ஊழைவிட வலிமையானது எதுவும் இல்லை என்று சொன்னவர், 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், சோர்வில்லாமல் முயல்பவர் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார். உரையாசிரியர்கள் இரண்டையும் ஒட்டவைக்கப் படாத பாடு பட்டிருக்கிறார்கள். எனக்குப் பட்டது வேறு. அதே அதிகாரத்தில், தெய்வமே கைவிட்ட காரியத்திலும் உடம்பு பட்ட பாட்டுக்கு உரிய கூலி வந்து சேரும் என்று ஒரு கணக்குச் சொல்கிறார். வெற்றி வந்து சேரும் என்று அவர் சொல்லவில்லை. கூலி என்கிறார், அதையும் உடல் வருந்திய அளவுக்கு என்கிறார். ஒரு வாரம் காலைத் திருப்பி வைத்துப் பழகியவளுக்குக் கிடைப்பது திருப்பத் தெரிந்த கால். அதை எந்த அம்பயரும் பறிக்க முடியாது. ஸ்கோர் போர்டில் வருவதற்கோ எதிரே நிற்கும் ஐந்து பேரின் சம்மதமும் வேண்டும். அடுத்த அதிகாரம், 63, இடுக்கண் அழியாமை. முயற்சி வெற்றியில்தான் முடியும் என்று வள்ளுவர் நினைத்திருந்தால் அதற்கு அடுத்த படியாகத் துன்பத்தில் உடையாமல் இருப்பதைப் பற்றிப் பத்துக் குறள் எழுத வேண்டிய தேவை என்ன?

தமிழ்த்துறை அம்மா முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. "உலகம் எப்படி இயங்குதுங்கற கேள்விக்கு நீங்க பதில் சொல்லல. ஒரு புள்ளைகிட்ட எப்படிப் பேசறதுங்கறதுக்குத்தான் சொல்றீங்க" என்றார். அது உண்மை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பதில்தான். ஊழ் இருக்கிறதா என்பது தெய்வத்தின் கவலை. தோற்றவளை இகழலாமா என்பது என் கவலை.

இகழ்ச்சி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதுதான் இதில் மோசமான பகுதி. சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்றான். பாய்ந்த வேல் முதுகு வரை புண்ணாக்கியது. புறப்புண் என்று நாணி, வடக்கிருந்து உயிரை விட்டான். வெண்ணிக் குயத்தியார் என்ற புலவர், அந்த ஊர்க் குயவர் குடிப் பெண், ஜெயித்த கரிகாலனின் முன்னாலேயே நின்று, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று பாடினார். தோற்றவனைப் பற்றி ஜெயித்தவனிடம் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்தப் பாட்டை நான் மறக்காமல் எங்கள் பெண்களுக்குச் சொல்வேன். ஆனால் சேரமானின் முடிவை ஏற்கவே மாட்டேன். நாணத்தால் இறந்தவனுக்கு நாம் புகழ் கொடுத்தோம். நாணத்தோடு மறுநாள் காலையில் எழுந்து மைதானத்துக்கு வந்தவனுக்கு நம் இலக்கியத்தில் ஒரு துறையும் இல்லை. என்னிடம் வரும் பெண்கள் வடக்கிருப்பதில்லை, அவ்வளவுதான். தலைவலி என்பார்கள், அசைன்மென்ட் என்பார்கள், பிறகு ஷூவைத் தங்கைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் ஒருவகை வடக்கிருத்தல்தான்.

அப்படி நிற்கப் பார்ப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் கதையைச் சொல்வேன். ஜேம்ஸ் நைஸ்மித் கனடாக்காரர், இறையியல் படித்தவர், போதகராகப் போயிருக்க வேண்டியவர். உடம்பின் வழியாகவும் ஆன்மாவிடம் பேசலாம் என்று நம்பி ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு வந்தவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் அடங்காத பதினெட்டு மாணவர்களுக்காகப் பத்தடி உயரத்தில் பீச் பழக்கூடைகளை ஆணியடித்து, 13 விதிகளோடு இதை ஆரம்பித்தார். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். என் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் அங்கே படித்தவர்கள். நைஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமுள்ள ஒரே பயிற்சியாளர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். இதைக் கேட்டதும் பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும்.

கால்டெக் கதையையும் கேட்பார்கள். நோபல் பரிசு பெற்றவர்கள் நிறைந்த அந்தக் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆண்கள் அணியில் பள்ளியில் ஒழுங்காக ஆடியவர்களே குறைவு. ராய் டவ் என்ற பயிற்சியாளர் காலத்தில், 2007 ஜனவரியில், தங்கள் பிரிவுக் கல்லூரிகளிடம் தொடர்ந்து 207 ஆட்டங்கள் தோற்ற வரிசையை முடித்தார்கள். தங்கள் வட்டாரக் கூட்டமைப்புக்குள் தோற்ற வரிசை அதற்குப் பிறகும் நீண்டது. 310 தோல்விகளுக்குப் பிறகு 2011 பிப்ரவரியில் ஆக்சிடென்டல் கல்லூரியை 46–45 என்று ஒரே புள்ளியில் வென்றார்கள். இருபத்தாறு வருடம். அதற்குள் எத்தனை மாணவர்கள் கூட்டமைப்புக்குள் ஒரு வெற்றியும் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள்! கடைசியில் ஜெயித்தவர்களைவிட நான் அவர்களைத்தான் அதிகம் நினைப்பேன். எங்கள் பெண்களில் ஒருத்தி, "அவங்கெல்லாம் எதுக்கு மேம் வந்தாங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கபடிப் பெண், "நாம எதுக்கு வர்றோம்?" என்றாள். அதற்குமேல் அந்த வகுப்பில் தத்துவம் தேவைப்படவில்லை.

அடுத்த மேட்சும் தோல்விதான். ஆனால் ப்ரெஸ் போட்டவர்கள் இரண்டாவது குவார்ட்டரில் அதை எடுத்துவிட்டார்கள். மூன்று பாஸில் நாங்கள் தாண்டிவிடுகிறோம் என்று தெரிந்ததும் அவர்கள் கூடைக்குப் பின்வாங்கி நின்றார்கள். ஸ்கோரில் இது எங்கேயும் பதிவாகாது. பெஞ்சிலிருந்த பெண்கள் கூடை விழுந்ததுபோல் கத்தியதைப் பார்த்து டேபிளில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர் குழம்பிப்போய்த் தன் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

வெற்றிக்காகப் பிரார்த்திக்கலாமா என்ற பழைய கேள்வியிலும் என் எண்ணம் இங்கேதான் வந்து நிற்கிறது. எனக்கு ஜெயிக்கக் கொடு என்று கேட்பது, எதிரே நிற்பவளின் அம்மா ஏற்றிய விளக்கை அணை என்று கேட்பதுதான். எந்தத் தாய்த் தெய்வமும் அதைச் செய்யாது. செய்தால் அதை அம்மன் என்று நான் கூப்பிடமாட்டேன். கால் நடுங்காமல் இருக்கட்டும், விழுந்தால் அடிபடாமல் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கேட்டு இரண்டு பக்கத்துக்கும் கிடைக்கக் கூடியவை அவை.

இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களிடம் ஒரு வார்த்தை. எங்கள் அணியை விட்டு நின்ற பெண்களில் பெரும்பாலோர் மைதானத்தில் நிற்கவில்லை, வீட்டில் நிறுத்தப்பட்டார்கள், அதுவும் தோற்ற அந்த வாரத்தில். "தோக்கறதுக்கா இம்புட்டுக் காலையில எந்திரிச்சுப் போற?" என்ற ஒரு கேள்வி போதும். உங்கள் மகள் தோற்றுவிட்டு வந்தால் சாப்பாடு போடுங்கள், ஏன் தோற்றாய் என்று அன்று கேட்காதீர்கள். ஜாதகத்தை எடுப்பதானால் அவள் தூங்கிய பிறகு எடுங்கள். மறுநாள் காலை நாலே முக்காலுக்கு அவளை எழுப்பிவிடுங்கள். பயிற்சி ஐந்தரைக்கு.